இன்ஷ்யூரன்ஸ் விதியும் தலைவிதியும்

"விதி" என்னும் சொல்லுக்கு நம் நாட்டில் இரண்டு அர்த்தங்கள் வழங்கி வருகின்றன. ஒன்று, பிரமன் என்பவன் நம் மண்டை ஓட்டில் எழுதிவைத்ததாகச் சொல்லப்படும் தலைவிதி. மற்றொன்று, ஆபீசுகளிலும் கம்பெனிகளிலும் காகிதத்தில் அச்சடித்து வைத்திருக்கும் சட்டவிதி. முன்னதை இதுவரை ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. பின்னதைக் கண்ணால் பார்க்கலாமானாலும் எழுத்து எறும்பு போல் இருப்பதால் ஒருவரும் படித்துப் பார்ப்பதில்லை. ஆனால் இரண்டுக்கும் நம் மக்கள் ஒரே மாதிரியாகத்தான் தலை வணங்குகிறார்கள். "விதி அப்படி இருக்கிறது, என்ன செய்வது?" என்று சாவு வீட்டிலும் சொல்லுகிறார்கள், இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி வாசலிலும் சொல்லுகிறார்கள். யார் எழுதினான், எப்போது எழுதினான், யாருடைய நன்மைக்காக எழுதினான் என்று கேட்பவர்கள் இரண்டு இடத்திலும் மிகக் கொஞ்சம்.

அப்படிப்பட்ட ஒரு விதியைப் பற்றித்தான் இன்று எழுதப் புகுந்தோம். அளவுக்கு மீறிப் பருத்த சரீரமுடையவர்களுக்கு இரைப்பையைச் சுருக்கிச் செய்யும் ஆப்பரேஷன் ஒன்று இருக்கின்றது. அதற்கு ஆகும் செலவு சில லட்ச ரூபாய். கூலிக்காரனும் குமாஸ்தாவும் கைப்பணத்தில் செய்துகொள்ளக் கூடியதல்ல. அதற்காகத்தானே வருஷா வருஷம் பிரீமியம் கட்டினோம் என்று கம்பெனியிடம் அனுமதி கேட்டால், கம்பெனி எடுத்து நீட்டுகின்ற விதியின் யோக்கியதை என்ன என்பதே நம் கேள்வி.

முதலில் விதியைச் சொல்லிவிடுவோம். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளுக்கு மேலதிகாரியாக இந்திய சர்க்கார் ஏற்படுத்தியிருக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற ஸ்தாபனம், 2019ஆம் வருஷம் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக ஒரு ஷரத்தின் வாசகத்தை எழுதிக் கொடுத்தது. டாக்டர் சொல்லி ஆப்பரேஷன் நடக்க வேண்டும்; அது வைத்திய முறைக்கு ஒத்ததாய் இருக்க வேண்டும்; வயது 18 நிறைந்திருக்க வேண்டும். இதுவரையில் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. அதற்குமேல்தான் சங்கதி இருக்கின்றது. பி.எம்.ஐ. என்னும் எண் 40க்குக் குறையாமல் இருக்க வேண்டுமாம். அல்லது 35க்குக் குறையாமல் இருந்து, கூடவே நான்கு வியாதிகளில் ஒன்றாவது இருக்க வேண்டுமாம். பருமனால் இருதயத் தசை கெட்டுப்போதல், இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் வியாதி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கடும் வியாதி, கட்டுப்படாத நீரிழிவு ஆகிய இவைதான் அந்த நான்கு. இவற்றுக்கும் மேலாக, ஆப்பரேஷன் அல்லாத மற்ற வழிகளெல்லாம் பலிக்காமல் போயிருக்க வேண்டும். இதற்கு முன் பெரும்பாலான கம்பெனிகள் பருமன் என்றாலே "முடியாது" என்று கதவைச் சாத்திவிடுவது வழக்கமாய் இருந்ததால், இது ஒரு முன்னேற்றம்தான் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். கோவிலுக்குள்ளேயே விடாதவன் கொடிமரம் வரையில் வரலாம் என்று சொல்லுவதும் ஒரு முன்னேற்றந்தானே!

விதியைப் பரிசோதிக்கும் முன், அந்த விதிக்குப் பின்னால் நிற்கும் எண்ணத்தைப் பரிசோதிக்க வேண்டியிருக்கின்றது. "தின்று கொழுத்தவனுக்கு நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?" என்பதுதான் அந்த எண்ணம். கம்பெனிக்காரன் மாத்திரம் இப்படி நினைப்பதாக எண்ண வேண்டாம். மாமியார் நினைக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரன் நினைக்கிறான், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் வாய்விட்டே சொல்லுகிறான். பானை வயிற்றுப் பிள்ளையாருக்குக் கூடை கூடையாகக் கொழுக்கட்டை வைத்துக் கும்பிடுகிற ஜனங்கள், தங்கள் வீட்டு மருமகள் பருத்தால் மாத்திரம் சோற்றுத் தட்டை எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். குஷ்டம் முன்ஜன்ம பாவம் என்றார்கள். அது ஒரு கிருமியால் வருவது என்று 1873ஆம் வருஷத்தில் நார்வே தேசத்து ஹான்சன் கண்டுபிடித்த பிறகும் நெடுங்காலம் விடவில்லை. இப்போது பருமன் இந்த ஜன்மத்துப் பாவம் என்கிறார்கள். ஜன்மந்தான் மாறியிருக்கின்றதே தவிரப் புரட்டு மாறவில்லை.

ஆராய்ச்சி என்ன சொல்லுகின்றது? டென்மார்க் தேசத்தில் குழந்தையிலேயே தத்துக் கொடுக்கப்பட்டவர்களைப் பற்றி 1986இல் வெளியான ஆராய்ச்சியில், அவர்களுடைய சரீரப் பருமன் சோறு போட்டு வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை, பெற்றவர்களையே ஒத்திருந்தது என்று தெரியவந்தது. (உடனே "பார்த்தீர்களா, பிறவிக் குணம்!" என்று வருணாசிரமக்காரர்கள் துள்ள வேண்டாம். மூக்கும் உயரமும் பருமனும் பெற்றோரைப் போல் வருவதால் பூஜை செய்யும் யோக்கியதையும் மலம் அள்ளும் யோக்கியதையும் அப்படி வந்துவிடாது.) 1999இல் ஜப்பானியர்கள், இரைப்பையிலிருந்து கிளம்பி மூளைக்குப் போய்ப் பசியை எழுப்பும் கிரெலின் என்ற ரசத்தைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் எடை குறைப்புப் போட்டி ஒன்றில் பட்டினியும் உடற்பயிற்சியுமாய் எடையை வெகுவாகக் குறைத்தவர்களை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்து 2016இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்குப் போன எடை பெரிதும் திரும்பி வந்துவிட்டிருந்தது. அதைவிட ஆச்சரியம், அவர்கள் சரீரம் சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டிய அளவை விடத் தினம் சுமார் 500 கலோரி குறைந்தே போயிருந்தது. அதாவது, பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு சரீரம் தானே சிக்கனம் பிடித்துக்கொண்டது. இதில் மன உறுதியின்மை எங்கே? சோம்பல் எங்கே?

ஆகவே, சிலருக்கு உணவுக் கட்டுப்பாடு பலிக்கின்றது. மிகவும் பருத்துவிட்ட பலருக்குப் பலிப்பதில்லை. அப்படிப் பலிக்காதவர்களுக்குத்தான் இந்த ஆப்பரேஷன். இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் நீளவாக்கில் எடுத்துவிடுவது ஒரு முறை. இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைப்பது மற்றொரு முறை. ஸ்வீடன் தேசத்தில் 1987 முதல் ஆப்பரேஷன் செய்துகொண்டவர்கள் சுமார் 2,000 பேரையும், செய்துகொள்ளாத அதே மாதிரிப் பருத்தவர்கள் சுமார் 2,000 பேரையும் பல வருஷம் தொடர்ந்து கவனித்து வந்ததில், செய்துகொண்டவர்களிடையே சாவு குறைந்திருந்தது என்று 2007இல் வெளியிட்டார்கள். இது அழகுக்குச் செய்துகொள்ளும் காரியம் என்று சிரிப்பவர்கள் இந்த ஒரு சேதியையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி 40, 35 என்ற அந்த எண்களைப் பார்ப்போம். கிலோக் கணக்கில் எடையை, மீட்டர் கணக்கில் உயரத்தால் ஒரு தடவையும், வந்ததை மறுபடி உயரத்தாலேயே இன்னொரு தடவையும் வகுத்தால் கிடைப்பதுதான் பி.எம்.ஐ. இந்தக் கணக்கைப் போட்டவர் வைத்தியர் அல்ல. பெல்ஜியம் தேசத்து வான சாஸ்திரி கெட்லே என்பவர், சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று பார்ப்பதற்காக 1832வாக்கில் போட்ட கணக்கு. அதற்கு இந்தப் பெயர் வந்தது 1972இல். 40க்கு மேல் ஆப்பரேஷன், 35க்கு மேல் வியாதியோடு இருந்தால் ஆப்பரேஷன் என்று கோடு கிழித்தது, அமெரிக்காவின் தேசிய சுகாதார ஸ்தாபனம் 1991இல் கூட்டிய ஒரு நிபுணர் கூட்டம். வயிற்றை நீளமாகக் கிழித்து ஆப்பரேஷன் செய்துகொண்டிருந்த காலம் அது; இன்றுபோல் சிறு துவாரங்கள் வழியாகச் செய்யும் வழக்கம் அப்போது இல்லை. ஆபத்து ஜாஸ்தியாய் இருந்த காலத்தில் கோட்டை உயரத்தில் வைத்ததைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தக் கோட்டை 2019இல் எடுத்து இந்தியர் தலையில் ஒட்டினார்களே, அதற்கு என்ன சமாதானம்?

ஒரு அம்மாளை உதாரணமாக வைத்துக்கொள்வோம். உயரம் 155 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. முழங்கால் தேய்ந்து மாடிப்படி ஏற முடியவில்லை. ரத்தக் கொதிப்பு. ஈரலில் கொழுப்பு. நீரிழிவும் இருக்கின்றது. இவருடைய பி.எம்.ஐ. 34.96. விதிப்படி தகுதி இல்லை! ஆனால் தராசில் ஏறுவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினாரானால் 35ஐத் தாண்டிவிடுகிறார். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மனுஷியின் தகுதி மாறுகின்றது என்றால், தீர்த்தம் தெளித்ததும் தீட்டுப் போய்விட்டது என்கிற புரோகிதன் சொல்லுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். அளவுகோலே கூடாது என்பதல்ல நம் வாதம். எங்கேயாவது ஒரு கோடு வேண்டும்தான். ஆனால் கோட்டுக்கு அருகில் நிற்கிறவனை வைத்தியன் பார்த்துத் தீர்மானிக்க வேண்டுமா, அல்லது அந்த ஆளைத் தொட்டும் பார்க்காத ஒரு குமாஸ்தா கணக்கு இயந்திரத்தைத் தட்டித் தீர்மானிக்க வேண்டுமா?

இதைவிடப் பெரிய புரட்டு ஒன்று இருக்கின்றது. ஐரோப்பியருக்கு எந்த எண்ணில் நீரிழிவும் இருதய வியாதியும் வருகின்றனவோ, அதைவிடக் குறைந்த எண்ணிலேயே ஆசிய மக்களுக்கு வந்துவிடுகின்றன என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள் 2004இலேயே எடுத்துச் சொன்ன விஷயம். நம்மவருக்கு வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு ஜாஸ்தி. ஆள் பார்வைக்கு ஒல்லியாய் இருப்பான், சர்க்கரை 300 இருக்கும். 2022இல் அமெரிக்காவிலும் உலகமெங்கும் உள்ள இந்த ஆப்பரேஷன் நிபுணர்களின் இரண்டு பெரிய சங்கங்கள் சேர்ந்து, 1991ஆம் வருஷக் கோடு பழசாகிவிட்டது என்று அதை மாற்றிவிட்டன. 35க்கு மேல் இருந்தால் வேறு வியாதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆப்பரேஷனைச் சிபாரிசு செய்யலாம் என்றும், ஆசியருக்கு 27.5 முதலே சொல்லலாம் என்றும் எழுதின. நாம் மேலே சொன்ன அம்மாளுக்கு 27.5 என்பது 66 கிலோவுக்குச் சற்று மேல்.

இங்கிலாந்தில் என்ன செய்கிறார்கள்? அங்கே சர்க்கார் வைத்தியத்துக்கு வழிகாட்டும் நைஸ் என்ற ஸ்தாபனம், தெற்காசிய வம்சத்தாருக்குக் கோட்டை 2.5 குறைத்துப் பார்க்கலாம் என்று 2023இல் எழுதிவைத்தது. ஆக, 40 என்பது 37.5 ஆகிறது, 35 என்பது 32.5 ஆகிறது. கூட இருக்க வேண்டிய வியாதிகளுக்கு உதாரணம் சொல்லும்போது ரத்தக் கொதிப்பையும் ஈரல் கொழுப்பையும்கூட அங்கே சேர்த்திருக்கிறார்கள். நம்முடைய அம்மாள் லண்டனில் இருந்தால் ஆப்பரேஷனுக்குப் பரிசீலிக்கப்படலாம். திருநெல்வேலியில் இருந்தால் தகுதியில்லை! வெள்ளைக்காரன் தன் ஊரில் தமிழனைத் தமிழன் சரீரத்தை வைத்து அளக்கிறான். நம் சர்க்கார் ஸ்தாபனமோ தமிழனை வெள்ளைக்காரன் சரீரத்தை வைத்து அளக்கின்றது. சுயராஜ்யம் வந்தது 1947இல்; அளவுகோலுக்கு எப்போது வரப்போகிறதோ தெரியவில்லை.

அடுத்தது அந்த "கட்டுப்படாத" என்கின்ற சொல். இதை வாசகர்கள் நிறுத்திப் படிக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம். நீரிழிவு இருந்தால் போதாது, அது கட்டுப்படாத நீரிழிவாய் இருக்க வேண்டும். டாக்டர் சொன்னபடி வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, தன் வயிற்றில் தானே இன்சுலின் ஊசி குத்திக்கொண்டு, நாக்கைக் கட்டி, சர்க்கரையை ஒரு மட்டத்தில் வைத்திருக்கிறார் ஒருவர். அவருக்கு அனுமதி இல்லை, ஏனென்றால் அவர் ஒழுங்காய் இருக்கிறார்! மாத்திரையை வீசிவிட்டுச் சர்க்கரையை ஏறவிட்டுக் கண்ணும் சிறுநீரகமும் கெடும் வழியில் நிற்கிறவருக்கு அனுமதி உண்டு. வீடு பற்றி எரிந்தால்தான் தண்ணீர், கூரையில் பொறி விழுந்தால் இல்லை என்பது போன்ற நியாயம் இது. பிறகு சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்யும்போது அதே கம்பெனி அதற்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கும். இதைச் சிக்கனம் என்று சொல்லுகிறவனுக்கு வியாபாரமும் தெரியாது.

மூன்றாவது, மற்ற வழிகள் பலிக்கவில்லை என்பதற்கு ருஜு. இதைக் கேட்பது நியாயந்தான். கத்தியை முதலில் எடுக்கக் கூடாது. ஆனால் எந்த ருஜு செல்லும்? வைத்தியனிடமும் உணவு நிபுணனிடமும் மாதாமாதம் பணம் கட்டிச் சீட்டு வாங்கி வைத்திருந்தால் செல்லும். விடியற்காலையில் ஆற்றங்கரை ஓரம் நடந்தவன், ராத்திரிச் சோற்றை விட்டுக் கேழ்வரகுக் கஞ்சி குடித்தவள், இவர்களுக்கு யார் ரசீது கொடுத்தார்கள்? படித்தவனுடைய முயற்சிக்குக் காகிதம் இருக்கின்றது, பாமரனுடைய முயற்சிக்குக் காகிதம் இல்லை. ஆகவே பாமரன் முயற்சியே செய்யவில்லை என்று தீர்ப்பாகிவிடுகிறது. அமெரிக்காவிலும் பல கம்பெனிகள் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று வைத்தியன் மேற்பார்வையில் பத்தியம் இருந்து காட்டினால்தான் அனுமதி என்று வைத்திருந்தன. இப்படிக் கம்பெனி கட்டாயப்படுத்தும் பத்தியத்துக்கு எவ்வித வைத்திய ஆதாரமும் இல்லை, அது நோயாளியைத் தாமதப்படுத்தவே உதவுகின்றது என்று அந்நாட்டு ஆப்பரேஷன் டாக்டர்கள் சங்கமே கண்டித்திருக்கின்றது. வைத்தியத்தில் இடமில்லாத அந்தப் பட்டினிக்குப் பிராயச்சித்தம் என்பதல்லாமல் வேறென்ன பெயர்? நம் ஊரில் மண்சோறு தின்கிறார்கள்; அங்கே டாலர் கொடுத்துத் தின்கிறார்கள்.

கம்பெனிக்காரர்கள் சொல்லும் சமாதானம் நமக்குத் தெரியாததல்ல. "எல்லோர் பணமும் ஒரே உண்டியலில் விழுகின்றது, கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தால் உண்டியல் காலியாகிவிடும், பிரீமியம் ஏறும்" என்பார்கள். வாஸ்தவம். ஆப்பரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே நேற்றுப் பாலிசி எடுத்துவிட்டு இன்று மனுப்போடுகிறவனைத் தடுக்க இரண்டு, மூன்று வருஷம் காத்திருக்கும் நிபந்தனை இருக்கவே இருக்கின்றது. அதை நாம் எதிர்க்கவில்லை. பணம்தான் காரணமென்றால் பணம் என்று சொல்லட்டும். வைத்திய சாஸ்திரம் இப்படிச் சொல்லுகின்றது என்று பொய் சொல்ல வேண்டாம். வைத்திய சாஸ்திரம் தன் வாக்கியத்தை 2022இல் திருத்திக்கொண்டாய்விட்டது. பகுத்தறிவு முறை என்றால் அதுதான்; தப்பு என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளும். மாற்றமாட்டேன் என்று பழைய ஏட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் மனுதர்மம்.

மற்றொரு விஷயம். அந்த ஷரத்து, இன்னின்ன நிபந்தனை நிறைவேறாவிட்டால் கம்பெனி செலவை விலக்கலாம் என்பதற்கான வாசகமேயொழிய, விலக்கியே தீரவேண்டும் என்ற கட்டளை அல்ல. இதைவிடத் தாராளமாகக் கொடுக்க ஒரு கம்பெனி இஷ்டப்பட்டால் கொடுக்கலாம். மில்களிலும் ஆபீசுகளிலும் முதலாளி எல்லாத் தொழிலாளருக்கும் சேர்த்து எடுக்கும் கூட்டுப் பாலிசிகளில் ஷரத்துகளைப் பேசி மாற்றுவது நடந்துகொண்டுதான் இருக்கின்றது. தொழிற்சங்கங்கள் போனஸ் பற்றிப் பேசும்போது, பாலிசி நகலையும் வாங்கி மேசைமேல் வைத்து, இந்த 40, 35ஐ 37.5, 32.5 ஆக்கு என்று ஏன் கேட்கக் கூடாது? "கட்டுப்படாத" என்ற ஒரு சொல்லை அடி என்று ஏன் கேட்கக் கூடாது?

இதையெல்லாம் படித்துவிட்டு நாம் ஆஸ்பத்திரிகளுக்குத் தரகு பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். "பதினைந்தே நாளில் ஒல்லியாகலாம்" என்று தெருவெல்லாம் படம் ஒட்டுகிறவர்களும், அனுமதி கிடைப்பதற்காகச் சீட்டில் எடையைக் கூட்டி எழுதுகிறேன் என்பவர்களும் புரோகிதக் கூட்டத்தின் இன்னொரு கிளைதான். அப்படிப் பொய் எழுதிக் கொடுத்தால் பிறகு கம்பெனி கண்டுபிடித்து கிளெய்மை மறுக்கும். நஷ்டம் உங்களுக்கு, சீட்டு எழுதியவனுக்கல்ல. ஆப்பரேஷனிலும் ஆபத்து உண்டு. கொஞ்சம்பேர் இறந்தும் இருக்கிறார்கள். ஆயுள் முழுதும் வைட்டமின் மாத்திரை தின்ன வேண்டும், சிலருக்கு எடை கொஞ்சம் திரும்பவும் வரும். செய்துகொள்ளலாமா வேண்டாமா என்பது நீங்களும் உங்கள் டாக்டரும் சேர்ந்து யோசிக்க வேண்டிய விஷயம். கம்பெனி அதில் மூன்றாவது டாக்டராக உட்காருவதைத்தான் நாம் ஆக்ஷேபிக்கிறோம்.

மறுப்பு வந்துவிட்டால் என்ன செய்வது? தலையில் எழுதினவன்மேல் மனுப்போட ஆபீசு கிடையாது; இவர்கள்மேல் போட இருக்கின்றது. கம்பெனி ஒரு கிளெய்மை மறுத்தால் எந்த ஷரத்தின்படி மறுக்கிறது என்று காரணம் காட்டியே மறுக்க வேண்டும் என்றும், கம்பெனியின் பரிசீலனைக் கமிட்டி ஒப்பாமல் மறுக்கவே கூடாது என்றும் 2024இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவு போட்டிருக்கின்றது. ஆகையால் டெலிபோனில் ஏஜெண்டு "கிடைக்காது சார்" என்று சொன்னதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், எழுத்தில் கேளுங்கள். "அழகுக்காகச் செய்துகொள்வது" என்று எழுதியிருந்தால், உங்கள் டாக்டரிடம் வியாதிகளையும், பார்த்த வைத்தியங்களையும், அவை பலிக்காத வருஷங்களையும் விவரமாக எழுதி வாங்கிக் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு அனுப்புங்கள். எடையும் உயரமும் தேதியோடு இருக்கட்டும். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தயவு செய்து அடுப்பெரிக்க உபயோகிக்க வேண்டாம்.

ஒரு மாதத்துக்குள் பதில் இல்லாவிட்டாலும், வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலும், இன்ஷ்யூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் என்னும் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அவருடைய ஆபீசு சென்னையில் இருக்கின்றது. கம்பெனி மறுத்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் எழுத வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை. அவர் உங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னால் கம்பெனி அதற்குக் கட்டுப்பட்டு 30 நாளைக்குள் நிறைவேற்ற வேண்டும். உங்களுக்கு எதிராகச் சொன்னால் நீங்கள் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம்.